முதல் மான் வேட்டைக்கு எந்த வில், எந்த மறைவிடம்?

வில்லோடு மான் வேட்டைக்குப் போகும் முதல் ஆண்டில் உங்கள் எல்லை 20 கெஜம் (குறுக்குவில்லுக்கு மட்டும் 30) என்று வைத்துக்கொள்ளுங்கள். வில் விற்பவர்கள் 60 கெஜம், 80 கெஜம் என்பார்கள். அம்பு அவ்வளவு தூரம் போகும் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ 8 முதல் 10 அங்குல வட்டம். கூரான அம்புமுனை இரண்டு நுரையீரல்களையும் அறுத்துக்கொண்டு மறுபுறம் வெளியேறினால் மான் பெரும்பாலும் 100 கெஜத்துக்குள் விழுந்துவிடும். அதற்குச் சில நொடிகளே ஆகும். வயிற்றில் பட்டால் அதே மான் பல மணி நேரம் வலியோடு கிடந்து சாகும். நம் கைக்குக் கிடைக்காமலும் போகலாம். துப்பாக்கிக் குண்டு மோதும் அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு கொல்வது இரத்தப்போக்கால் மட்டுமே.

ஆகவே வில், அம்புமுனை, மறைவிடம், பருவம் என்று எதைத் தேர்ந்தெடுக்கும்போதும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன். இது என்னை மானுக்கு அருகில் வைத்து, கை நடுங்காமல் ஓர் அம்பை அந்த வட்டத்துக்குள் செலுத்த உதவுமா? வேகம், தூரம், விலை எல்லாம் அதற்குப் பிறகுதான். வட அமெரிக்காவில் வெள்ளைவால் மானை வேட்டையாட உரிமம் பெறப்போகும் புதியவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். உரிமம், பருவத் தேதிகள், குறைந்தபட்ச இழுவிசை (நாணை இழுக்கத் தேவையான விசை; பவுண்டில் சொல்வார்கள்), அனுமதிக்கப்பட்ட வில் வகை ஆகியவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; சில மாநிலங்களில் வில் வேட்டைக்கென்று தனிப் பாடத்திட்டத்தை முடித்த சான்றும் வேண்டும். கடைக்குப் போவதற்கு முன்னால் விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

மூன்று வில்கள்

புதியவர் முன்னால் இருப்பவை மூன்று: முனைகளில் உருளைகள் கொண்ட காம்பவுண்ட் வில், முனைகள் முன்புறமாக வளைந்த பழைய பாணி ரீகர்வ் வில், துப்பாக்கி போன்ற கட்டையில் குறுக்காகப் பொருத்திய குறுக்குவில்.

காம்பவுண்ட் வில்லை உருவாக்கியவர் மிசூரியைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன். 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்றார். வில்லின் இரு முனைகளிலும் சுழலும் உருளைகளே அதன் உயிர். நாணை இழுக்கத் தொடங்கும்போது முழு எடையும் கையில் ஏறும். கடைசிக் கட்டத்தில் உருளைகள் திரும்பியதும் எடை சட்டென்று குறைந்துவிடும். 60 பவுண்டு இழுவிசையுள்ள வில்லில் 80 விழுக்காடு குறைகிறது என்றால், முழுவதும் இழுத்து நிற்கும்போது விரல்கள் தாங்குவது 12 பவுண்டுதான். வேட்டைக்காரருக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பது மான் எதிரே வந்து நிற்கும்போதுதான் தெரியும். மான் தலையைத் திருப்பிய நேரத்தில் நாணை இழுத்துவிட்டீர்கள். அதன் பிறகு அது ஒரு மரத்தின் பின்னால் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு அடி முன்னால் வந்தால் எய்யலாம். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இழுத்த நாணோடு காத்திருக்க காம்பவுண்ட் வில் இடம் கொடுக்கும்.

அதற்கு ஈடாக அது சிலவற்றைக் கேட்கிறது. வில் உங்கள் உடலுக்கு அளந்து பொருத்தப்பட வேண்டும். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுத்தால் இழுநீளம், அதாவது நாணை முழுவதும் இழுக்கும் நீளம், தோராயமாகக் கிடைக்கும். 70 அங்குலம் என்றால் 28. ஓர் அங்குலம் கூடினாலும் முகத்தில் நாண் பதியும் இடம் தவறி, குறி அலையும். நண்பரின் பழைய வில்லை அப்படியே வாங்கித் தொடங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அதன் இழுநீளத்தை உங்களுக்கேற்ப மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். நாண் அறுந்தாலோ உருளை கழன்றாலோ காட்டில் சரிசெய்ய முடியாது. அதற்கென்று உள்ள அழுத்துப்பொறியில் ஏற்றித்தான் பிரிக்க வேண்டும். அம்பு இல்லாமல் நாணை விடக் கூடாது. ஒரே முறையில் வில் நொறுங்கிவிடலாம்.

இழுவிசையில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். 70 பவுண்டு இழுப்பவரே வேட்டைக்காரர் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. மானுக்கு அது தேவையில்லை. பல மாநிலங்களின் குறைந்தபட்ச வரம்பு 40 பவுண்டை ஒட்டியே இருக்கிறது. 400 கிரெய்ன் (சுமார் 26 கிராம்) எடையுள்ள அம்பு நொடிக்கு 200 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சுமார் 35 அடி-பவுண்டு. நல்ல கோணத்தில், அருகிலிருந்து எய்யும்போது மானின் மார்பைக் கடக்க அது போதுமானது. சோதனை எளிது. நாற்காலியில் உட்கார்ந்து, குறியை நேராக நோக்கியபடி, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தோள் குலுங்கினால் அந்த எடை உங்களுக்கு அதிகம். குளிரில் அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்த பின்பு இழுக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வில்லை மேலே தூக்கி இழுக்கும் அந்த அசைவு ஒன்றே மானை விரட்டப் போதும்.

ரீகர்வ் வில்லைப் பற்றி எழுதும்போது எனக்கு ஒரு தனிப் பிரியம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. இலேசானது, ஓசை குறைந்தது, கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை. அமெரிக்காவின் இன்றைய வில் வேட்டைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் இஷி. யாஹி என்ற பூர்வகுடி இனத்தில் கடைசியாக எஞ்சியவராக அறியப்பட்ட அவர் 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வந்தார். சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்து 1916இல் காசநோயால் இறந்தார். அவரிடம் வில்வித்தை கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப்பும் அவருடைய நண்பர் ஆர்தர் யங்கும் இந்தக் கலையை நாடெங்கும் அறியச் செய்தார்கள். அவர்களின் பெயரால் 1961இல் ஒரு சங்கம் உருவானது. இஷி வேட்டைக்கு முன்னால் மீன் உண்ண மாட்டார், புகைக்க மாட்டார் என்று போப் பதிவு செய்திருக்கிறார். விலங்குக்கு அருகில் போவதற்கான ஒழுங்கே அவருடைய வில்வித்தையின் பெரும்பகுதி.

ஆனால் அந்த ஒழுங்கு ஒரு பருவத்தில் வந்துவிடாது. ரீகர்வ் வில்லில் எடை குறையும் கட்டம் கிடையாது. 45 பவுண்டு என்றால் கடைசி வரை 45 பவுண்டு. இழுத்த சில நொடிகளில் எய்துவிட வேண்டும். மரத்தின் பின்னால் நிற்கும் மானுக்காகக் காத்திருக்க முடியாது. தூரத்தைத் தவறாகக் கணித்தாலும் அது மன்னிக்காது. நொடிக்கு 280 அடி வேகமுள்ள காம்பவுண்ட் அம்பை, 30 கெஜத்தில் நிற்கும் மானை 20 கெஜம் என்று எண்ணி எய்தால் அது நான்கைந்து அங்குலம் தாழ்ந்து போகும். நொடிக்கு 180 அடி வேகமுள்ள ரீகர்வ் அம்பு அதே தவற்றுக்கு ஓர் அடிக்கு மேல் தாழ்ந்துவிடும். முதலாவது வட்டத்தின் விளிம்பைத் தொடும். இரண்டாவது மார்புக்குக் கீழே காற்றில் போகும், அல்லது காலை முறிக்கும். தினமும் எய்து ஓர் ஆண்டாவது பழகியவருக்கே ரீகர்வ் வில்லை வேட்டைக்குப் பரிந்துரைப்பேன். அவருக்கும் 15 கெஜமே எல்லை.

குறுக்குவில் இதற்கு நேர் எதிர். நாணை ஒரு முறை ஏற்றிவிட்டால் அது தானாகவே நிற்கும். தொலைநோக்கிக் குறியும் துப்பாக்கியில் உள்ளது போன்ற விசையும் உண்டு. மானின் முன்னால் நாணை இழுக்கும் அசைவே இல்லை. ஓரிரு நாள் பயிற்சியில் 30 கெஜத்தில் ஒரே இடத்தில் அம்புகளைச் சேர்த்துவிடலாம். தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், வயதானவர், 40 பவுண்டை இழுக்க முடியாதவர், வேட்டைப் பருவத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது முடிவெடுத்தவர் ஆகியோருக்கு இதுவே நேர்மையான தேர்வு. குறுக்குவில்லை ஏளனமாகப் பேசும் பழக்கம் வேட்டைக்காரர்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சரியாக இழுக்க முடியாத வில்லை வீம்புக்காக எடுத்துக்கொண்டு போய் மானைக் காயப்படுத்துவதைவிடக் குறுக்குவில் ஆயிரம் மடங்கு மேல்.

அதன் ஆபத்து, துப்பாக்கியைப் போன்ற தோற்றத்தில் இருக்கிறது. நொடிக்கு 400 அடி என்ற எண்ணைப் பார்த்ததும் 70 கெஜத்தில் எய்யலாம் என்று தோன்றும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி வேகத்தில் போகிறது. 40 கெஜத்தில் நிற்கும் மானை, நாணின் ஓசை பத்தில் ஒரு பங்கு நொடியில் எட்டிவிடும்; அம்பு போய்ச் சேர அதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு நேரம் ஆகும். ஓசையில் திடுக்கிட்ட மான் பாய்ந்து ஓடத் தயாராக முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும், அல்லது முதுகுத்தண்டின் ஓரத்தில் பட்டு மான் காயத்தோடு தப்பிவிடும். குறுக்குவில் மற்ற இரண்டையும்விட ஓசை மிகுந்தது என்பதால் இது இன்னும் மோசமாகிறது. எவ்வளவு வேகமான குறுக்குவில்லாக இருந்தாலும் முதல் ஆண்டில் 30 கெஜத்துக்குள் நில்லுங்கள்.

வேறு சில குறைகளும் உண்டு. கனமானது, இரண்டாவது அம்பு ஏற்ற நேரம் பிடிக்கும், ஏற்றிய நாணை எய்யாமல் இறக்குவது எல்லா மாதிரிகளிலும் முடியாது, அதனால் நாளின் முடிவில் ஒரு பழைய அம்பை மென்மையான இலக்கில் எய்து நாணை விடுவிக்க வேண்டியிருக்கும். வில்லை முன்னால் தாங்கும் கையின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் அம்புப் பாதைக்குக் கீழே இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். நாண் செல்லும் வழியில் விரல் இருந்தால் விரல் இருக்காது. சட்டமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஒண்டாரியோவில் வில் பருவத்திலேயே குறுக்குவில் அனுமதிக்கப்படுகிறது. ஓரிகன் மாநிலம் வேட்டையில் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

பருவத்துக்கு இன்னும் மூன்று மாதமாவது இருக்கிறது, உடல் ஒத்துழைக்கிறது என்றால் காம்பவுண்ட் வில்லை வாங்குங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் குறுக்குவில். ரீகர்வ் உங்கள் இரண்டாவது வில்லாக வரட்டும். முதல் மானுக்குப் பிறகு அதை எடுத்துப் பழகுகிறவர்கள் பலர்.

காம்பவுண்ட் எடுத்தவர் எப்படிப் பழக வேண்டும் என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. வார இறுதியில் நூறு அம்பு எய்வதா, தினமும் பத்து எய்வதா? களைத்த தோள் தவறான பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். தினமும் பத்தே மேல். பருவம் நெருங்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காலையில் எழுந்து, உடலைச் சூடேற்றாமல், வேட்டைக்கான தடித்த உடையை அணிந்து, உட்கார்ந்தபடி, ஒரே ஓர் அம்பு மட்டும். அது எங்கே படுகிறதோ அதுவே உங்கள் உண்மையான திறமை. காட்டில் கிடைப்பது அந்த முதல் அம்பு மட்டும்தான். 20 கெஜத்துக்குள், தொடர்ந்து பல நாள் அந்த முதல் அம்பு 8 அங்குல வட்டத்துக்குள் விழும் தூரம் எதுவோ, அதுவே உங்கள் எல்லை.

அம்புமுனை

நிலையான அலகுகள் (வெட்டும் தகடுகள்) கொண்ட முனை ஒன்று, பட்டவுடன் விரியும் முனை மற்றொன்று. விரியும் முனை பயிற்சி முனையைப் போலவே நேராகப் பறக்கும். இரண்டு அங்குலம் வரை அகலமாக வெட்டும். இரத்தத் தடம் நன்றாக விழும். ஆனால் அலகுகள் விரிவதற்கு ஆற்றல் செலவாகும். 60 பவுண்டுக்கு மேல் இழுப்பவருக்கு அது பொருட்டில்லை. 45 பவுண்டு இழுப்பவருக்கு, மறுபுறம் வெளியேறுவதற்கும் உள்ளேயே நின்றுவிடுவதற்கும் உள்ள வேறுபாடே அதுதான்.

புதியவருக்கு நிலையான முனையே என் தேர்வு. நகரும் பாகம் இல்லை, விரியாமல் போகும் என்ற கவலை இல்லை. வில் சரியாக ஒழுங்குபடுத்தப்படவில்லை என்றால் இந்த முனை பயிற்சி முனை பட்ட இடத்தில் படாமல் ஒருபக்கம் விலகிப் போகும். இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது நன்மையாகவே தோன்றுகிறது: வில்லில் உள்ள கோளாறு பருவத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. பயிற்சியில் பயன்படுத்திய அலகை அப்படியே காட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். மாற்றுங்கள் அல்லது தீட்டுங்கள். மழுங்கிய முனை இரத்தக் குழாய்களை அறுக்காமல் ஒதுக்கித் தள்ளிவிடும்.

பரணா, தரைக்குடிலா?

வில்லுக்கு அடுத்த பெரிய முடிவு இது. இதைப் பற்றிப் பேசும்போது பலர் மானை மட்டும் நினைக்கிறார்கள். நான் முதலில் மனிதரை நினைக்கிறேன். மான் வேட்டையில் ஏற்படும் கடுமையான காயங்களுக்கு மரப் பரணிலிருந்து விழுவது ஒரு முக்கியக் காரணம். ஏறும்போதும் இறங்கும்போதும் ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதும்தான் பலர் விழுகிறார்கள்.

பரணின் வலிமை தெளிவானது. 15 முதல் 20 அடி உயரத்தில் இருப்பவர் மானின் வழக்கமான பார்வைக்கு மேலே இருக்கிறார். தொலைவிலேயே மான் வருவதைக் கண்டுகொள்ள முடிகிறது. மனித மணமும் ஓரளவு மேலாகக் கடந்து போகிறது. அம்பு மேலிருந்து நுழைந்து கீழே வெளியேறுவதால் இரத்தம் தரையில் நன்றாக விழும். எதிர்ப்பக்கத்தில், உயரம் கூடக்கூடக் கோணம் செங்குத்தாகும். மரத்தடியில் நிற்கும் மானை எய்தால் ஒரு நுரையீரலை மட்டுமே துளைக்க நேரலாம். ஒரே நுரையீரலில் அடிபட்ட மான் வெகுதூரம் போகும். தூரத்தையும் மரத்திலிருந்து சாய்வாக அளக்காமல் தரைமட்டத்தில் அளக்க வேண்டும். அதற்கு எளிய வழி, ஏறுவதற்கு முன்பே அடிமரத்தில் நின்று சுற்றியுள்ள மரங்களின் தூரத்தை அளந்து வைத்துக்கொள்வது. எய்யும்போது கையைத் தாழ்த்தாமல் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். இல்லையென்றால் முகத்தில் நாண் பதியும் இடம் மாறிவிடும்.

துணியால் ஆன கூடாரம் போன்ற தரைக்குடில் இதற்கு மாற்று. அதன் பெரிய உதவி, நாணை இழுக்கும் அசைவை மறைப்பது. புதியவர் பிடிபடுவது பெரும்பாலும் அந்த ஓர் அசைவில்தான். பனியிலும் தூறலிலும் நீண்ட நேரம் உட்காரலாம். உடன் ஓர் அனுபவசாலி உட்கார்ந்து காதோரம் வழிகாட்டலாம். அம்பு தரைமட்டத்தில் பக்கவாட்டாகப் போவதால் இரண்டு நுரையீரல்களையும் துளைப்பது எளிது.

ஆனால் குடிலை முதல் நாள் காலையில் விரித்துவிட்டு அதே நாளில் மான் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காட்டில் திடீரென்று முளைத்த எந்தப் பொருளையும் மான் சந்தேகத்தோடுதான் பார்க்கும். இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே நிறுத்தி, அந்த இடத்துக் கிளைகளையும் புல்லையும் சுற்றிலும் செருகிவிடுங்கள். உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். முதுகுப்புறச் சன்னல்களை மூடிவிட்டுக் கறுப்பு உடையில் உட்காருங்கள். உருமறைப்பு உடை இங்கே பயன் தராது. சன்னலில் வலை இருந்து, அதன் ஊடாக எய்வதானால் நிலையான முனைதான் வேண்டும். விரியும் முனை வலையிலேயே விரிந்து அம்பைத் திசைதிருப்பிவிடலாம். குறுக்குவில் எடுத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தொலைநோக்கி அம்புக்கு மேலே இருக்கிறது. தொலைநோக்கியில் மான் தெளிவாகத் தெரியும்போதே அம்பு சன்னலின் கீழ் விளிம்பில் இடிக்கக்கூடும். வில்லின் கைகளும் பக்கவாட்டில் துணியைத் தட்டாமல் இருக்க வேண்டும்.

முதல் பருவத்துக்கு நான் தரைக்குடிலையே சொல்வேன். பரண்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர், மரத்தோடு சேர்த்துக் கட்டும் ஏணிப் பரணை எடுத்துக்கொள்ளட்டும்; கொக்கிகளில் ஏறித் தொங்கவிடும் வகைகளை இரண்டாம் மூன்றாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். எந்தப் பரணாக இருந்தாலும் உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டையை அணியாமல் ஏறக் கூடாது. அடிமரத்திலிருந்து பரண் வரை ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டி, தரையை விட்டுக் கால் எடுத்த நொடி முதல் மீண்டும் தரையைத் தொடும் வரை பட்டையை அந்தக் கயிற்றோடு பிணைத்திருக்க வேண்டும். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர் விழுவது வழியில்தான். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள். உட்கார்ந்து பட்டையைப் பிணைத்த பிறகு கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ளுங்கள். அம்பு பொருத்தப்பட்டிருக்கக் கூடாது, முனைகள் மூடிய கூட்டுக்குள் இருக்க வேண்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

மறைவிடம் எதுவானாலும் காற்று தவறினால் வேட்டை முடிந்தது. மான் வரும் என்று எதிர்பார்க்கும் திசையிலிருந்து உங்களை நோக்கியோ குறுக்காகவோ காற்று வீச வேண்டும். மேட்டு நிலத்தில் இன்னொன்றும் உண்டு: வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே எழும், மாலையில் குளிரக் குளிரக் கீழே இறங்கும். காலையில் நல்ல இடமாக இருந்தது மாலையில் மோசமான இடமாகிவிடும். இரண்டு காற்றுக்கும் பொருத்தமாக இரண்டு இடங்களைத் தயார் செய்வது, மணத்தை மறைக்க விற்கப்படும் தெளிப்பான்கள் அத்தனையையும்விட உதவும். உடையைத் துவைக்கும் தூளில், துணியை நீலச் சாயலில் பளிச்சிடச் செய்யும் ஒளிரூட்டிகள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மான் சிவப்பையும் ஆரஞ்சையும் சரியாகப் பிரித்தறியாது, ஆனால் நீலத்தையும் புற ஊதாவை ஒட்டிய ஒளியையும் நம்மைவிட நன்றாகக் காணும்.

எந்தக் கோணம், எந்த மான்?

பக்கவாட்டாக நிற்கும் மான், தலை உங்களிடமிருந்து விலகும் திசையில் சற்றே திரும்பி நிற்கும் மான் ஆகிய இரண்டை மட்டும் எய்யுங்கள். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். உடலைத் தாழ்த்தினாலும் அம்பு நுரையீரலில் இருக்கும். அருகிலுள்ள முன்னங்கால் முன்னால் நீட்டியிருக்கும் நொடி சிறந்தது. அப்படி விலகித் திரும்பிய மானுக்கு, மறுபக்க முன்னங்காலில் அம்பு வெளியேறுவதாகக் கற்பனை செய்து நுழையும் இடத்தை முடிவு செய்யுங்கள். நேராக உங்களை நோக்கி நிற்பதையும் தோளைக் காட்டி உங்கள் பக்கம் சாய்ந்து நிற்பதையும் விட்டுவிடுங்கள். தோள் எலும்பு அம்பை நிறுத்திவிடும். பின்புறத்தைக் காட்டி நிற்கும் மானைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் மானை மெல்லிய ஓர் ஒலியால் நிறுத்தலாம். ஓடும் மானை விட்டுவிட வேண்டும்.

பெரிய கொம்புள்ள ஆண் மானுக்காகக் காத்திருப்பதா, உரிமம் அனுமதித்தால் முதலில் வரும் பெண் மானை எடுப்பதா? இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். பெண் மான்கள் எண்ணிக்கையில் அதிகம், அவற்றின் வழக்கம் சீரானது, பல இடங்களில் மான்கூட்டத்தின் அளவைக் கட்டுப்படுத்த அவற்றுக்கே கூடுதல் உரிமம் தரப்படுகிறது. குட்டியோடு வருமே என்று தயங்குபவர்கள் உண்டு. மே, ஜூன் மாதங்களில் பிறந்த குட்டி அக்டோபரில் தானே மேய்ந்து வாழும் நிலையை அடைந்துவிடும். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் எய்யாதீர்கள். தயங்கும் கை நேராக எய்யாது.

எப்போது போவது?

வில் பருவம் பல இடங்களில் செப்டம்பரிலோ அக்டோபரிலோ தொடங்கிவிடும். தொடக்கத்தில் மான்கள் உணவைச் சுற்றியே நடமாடும். இன்று மாலை ஐந்து மணிக்கு வந்த இடத்துக்கு நாளையும் வரும். இலை அடர்த்தி மறைக்க உதவும், கொசு தொல்லை தரும், வெயிலில் இறைச்சி விரைவில் கெடும். வடபகுதிகளில் நவம்பர் நடுவில் இணைசேரும் பருவம் உச்சத்துக்கு வரும். அப்போது ஆண் மான்கள் பகலிலும் அலையும். எல்லோரும் அந்த வாரங்களையே விரும்புவார்கள். ஆனால் அந்த நாள்களில் மான் நிற்காமல் விரைந்து போகும். திடீரென்று எந்தத் திசையிலிருந்தும் வரும். நிதானமாக எய்யக் கற்கும் புதியவருக்குத் தொடக்கப் பருவமே நல்ல ஆசிரியர். பிற்பருவத்தின் கடுங்குளிரை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

காலையா மாலையா என்பதில் கருத்து வேறுபாடு அதிகம். மாலையில் உணவிடத்தின் ஓரத்தில் போய் உட்காருவது எளிது. இருட்டில், மேய்ந்துகொண்டிருக்கும் மான்களுக்கு ஊடே நடந்து போய் அவற்றைக் கலைக்கும் அபாயம் இல்லை. ஆனால் மாலையில் எய்த மானைத் தேடுவது இருளில்தான். காலையில் எய்தால் முழுப் பகலும் கையில் இருக்கிறது. இரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்து பழகாதவருக்கு அந்தப் பகல் வெளிச்சம் மற்ற எல்லா வசதிகளையும்விடப் பெரியது. ஆகவே காலை. மேய்ந்துவிட்டுப் படுக்கைக்குத் திரும்பும் வழியில், உணவிடத்தைத் தொடாமல் சுற்றிப் போய் உட்காரக்கூடிய ஓர் இடம் கிடைத்தால் போதும். அப்படி ஓர் இடம் அமையாவிட்டால் மாலையில் போங்கள். நல்ல விளக்கும் துணைக்கு ஒருவரும் இருக்கட்டும், கடைசி அரை மணி நேரத்தில் ஐயமான குறி எதையும் எய்யாதீர்கள்.

எய்த உடனே இறங்கி ஓடுவதா, காத்திருப்பதா? அம்பு பட்ட இடத்தையும் மான் கடைசியாகக் கண்ணில் பட்ட மரத்தையும் மனத்தில் குறித்துக்கொண்டு, மான் விழுந்ததைக் கண்ணால் கண்டிருந்தாலும் அரை மணி நேரம் அசையாமல் இருங்கள். பிறகு அம்பைத் தேடுங்கள், அதுதான் சாட்சி. நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலைக் காட்டும், மெதுவாகத் தொடரலாம். கருஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் கல்லீரல். நான்கு மணி நேரமாவது விட்டுவிடுங்கள். பச்சை நிறக் கழிவும் நாற்றமும் இருந்தால் வயிறு அல்லது குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வயிற்றில் அடிபட்ட மான் துரத்தப்படாவிட்டால் அருகிலேயே படுத்துவிடும். துரத்தினால் இரத்தம் சொட்டாமல் ஒரு மைல்கூடப் போய்விடும்.

இரத்தத் தடம் நடுவில் நின்றுவிட்டால் கூட்டம் சேர்த்துக் காட்டைச் சல்லடை போடுவது ஒரு வழி. கயிற்றில் பிடித்துச் செல்லும் தடம் தேடும் நாயை அழைப்பது மற்றொன்று. நாயைப் பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கும் இடமென்றால் இரண்டாவதைச் செய்யுங்கள். அதையும் கூட்டம் சேர்ப்பதற்கு முன்பே செய்யுங்கள். நாய் பின்தொடர்வது இரத்தத்தை மட்டுமல்ல, அந்த ஒரு மானின் குளம்பிடைச் சுரப்பியின் மணத்தையும்தான். பத்துப் பேர் தடத்தின் மேல் நடந்து காலணியில் ஒட்டிய இரத்தத்தை நாலா பக்கமும் பரப்பிவிட்டால் நாயின் வேலை பல மடங்கு கடினமாகிவிடும். கடைசியாக இரத்தம் கண்ட இடத்தில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டு, வந்த வழியே, தடத்துக்குப் பக்கவாட்டில் நடந்து வெளியே வந்து நாய் வைத்திருப்பவரை அழையுங்கள்.